டிசம்பர் கடல்தானே என்று ஏறிவிடாதீர்கள்

டிசம்பர் பிறந்தால் மும்பையில் எங்கள் செம்பூர் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வர ஆரம்பித்துவிடும். கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபெண்டா தீவு, நாள் மிச்சம் இருந்தால் எதிர்க்கரை மாண்ட்வா வழியாக அலிபாக். எலிஃபெண்டாவுக்கும் மாண்ட்வாவுக்கும் படகு ஏற வேண்டும். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருஷம் காலை எழுந்ததும் கடல் வானிலை அறிக்கையைப் படித்துக் கேப்டன்களுக்கு அனுப்பியவன் நான். அதனால், "மாமா, இன்னிக்குக் கடல் எப்படி?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு அவர்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்: "வெயில் பளிச்னு அடிக்குது, கிளம்பலாம்."

முதல் தவறு அந்த ஜன்னல்தான். குளிர்காலத்தில் மும்பைக் கடல் மோசமானால், காரணம் பெரும்பாலும் மும்பைக்கு மேலே இருக்காது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ இருக்கும்.

அடுத்தது, ஊர்க் காலண்டரை இங்கே கொண்டுவந்து மாட்டுவது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வாடைக்காற்று வங்கக் கடலைத் தாண்டி வந்து கரையில் மோதும். அதனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே கொந்தளிக்கும் கடல்தான் நினைவுக்கு வரும். இங்கே அதே வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத்தில் அலை எழுப்ப அதற்கு இடமே கிடைப்பதில்லை. தண்ணீர் தாம்பாளம் மாதிரி கிடக்கும். பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவதும் இதில்தான். கரையிலிருந்து விலக விலக அதே காற்று அலையைக் கிளப்பும். காலை நேரத்தில் ரப்பர் மிதவையிலோ துடுப்புப் படகிலோ விளையாடுகிறவர்களை அது சத்தமில்லாமல் உள்ளே இழுத்துப்போகும். போகும்போது துடுப்பு போட வேண்டியதே இல்லையே என்று சந்தோஷப்பட்டால், திரும்பும்போது தெரியும்.

மதியம் ஆட்டம் மாறிவிடும். நிலம் சூடேறியதும் வடமேற்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். அது வரத் தாமதமாகும் நாட்களில்தான் பிப்ரவரியிலேயே மும்பையில் 35 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிறது. காலையில் சுகமாகப் போன படகு மாலையில் தெளித்துக்கொண்டு வருவதற்கும் இந்தக் காற்றுதான் காரணம். ஆகவே போகிற நேரத்துக் கடலை மட்டும் விசாரித்தால் போதாது, திரும்புகிற நேரத்துக் கடலையும் கேட்க வேண்டும்.

காற்றே இல்லாத நாளில் அலை எங்கிருந்து வருகிறது என்று பலர் குழம்புவார்கள். மேற்கத்தியக் கலக்கம் என்று டெல்லி வானிலைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். காஷ்மீரில் பனியும் டெல்லியில் மழையும் கொடுப்பது, மேற்கிலிருந்து நகர்ந்து வரும் அந்தக் காற்றழுத்தத் தாழ்வுதான். அது பாரசீக வளைகுடாவைக் கடக்கும்போது, பின்னாலேயே ஷமால் என்ற வடமேற்குக் காற்று பலமாகக் கிளம்பும். அரபியில் ஷமால் என்றால் வடக்கு. அது எழுப்பும் அலைகள் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இரண்டு மூன்று நாளில் நம் மேற்குக் கரையைத் தொடும். அன்றைக்கு இங்கே இலை அசையாது, வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், கடல் மட்டும் மூச்சு வாங்கும். கேட்வேயில் நின்று பார்த்தால் இது தெரியவும் தெரியாது, கொலாபா முனை மறைத்துவிடும். மாண்ட்வா படகு அந்த மறைவை விட்டு வெளியே வந்ததும்தான் வயிறு சொல்லும். டெல்லியில் மழை என்று செய்தி வந்தால் அடுத்த மூன்று நாளுக்கு அலை முன்னறிவிப்பைப் பார்ப்பது என் பழைய பழக்கம். 2022 ஜனவரி 23 அன்று குஜராத், பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த புழுதி மும்பையையே மூடி, கார்களின் மேல் வெள்ளையாகப் படிந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பக்கத்துக் காற்று இங்கே எட்டாது என்று நினைக்கிறவர்களுக்கு அது போதும்.

முன்னறிவிப்பைப் பார்க்கிறவர்களும் தப்பாகப் படிப்பதுண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை உயரம் 1.5 மீட்டர் என்றால், அதுதான் அதிகபட்சம் என்று அர்த்தமில்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையே ஏறத்தாழ இரு மடங்கு உயர அலையும் வரலாம். உயரத்தோடு அலை இடைவெளியையும் பாருங்கள். பன்னிரண்டு நொடிக்கு ஒரு தரம் வரும் 1.5 மீட்டர் அலை தாலாட்டும், ஐந்து நொடிக்கு ஒரு தரம் வந்தால் முதுகை உடைக்கும். வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது, ஆனால் வடகிழக்கு நீரோட்டம் என்றால் வடகிழக்கை நோக்கிப் போவது. காற்றின் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள், ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். செயலிகள் சில கிரீன்விச் நேரத்தில் காட்டும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆபீஸிலேயே புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இதைக் கூட்ட மறந்து, விடிகாலைக் காற்றை நள்ளிரவுக் காற்றாக அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஓதத்தை, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, நம்மவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தால் அதிகம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் போகும். கோலி மீனவர்கள் இதை உதாண் என்பார்கள். அந்த நாட்களில் இங்கே ஏற்றம் மதியம் வரும், வற்றம் சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு. வீட்டில் தொங்கும் நாள்காட்டியே போதும் இதற்கு. ஒரு வருஷம் பௌர்ணமிக்கு மறுநாள் சம்பந்தியம்மாவை எலிஃபெண்டாவுக்கு அழைத்துப்போனோம். பதினோரு மணிக்கு ஏறும்போது தண்ணீர் மேல் படிக்கட்டு வரை நின்றது. ஆறேகாலுக்குத் திரும்பினால் எட்டுப் பத்துப் படி வெளியே தெரிகிறது, எல்லாம் பச்சைப் பாசி. படகு ஒரு அடி ஏறி ஒரு அடி இறங்குகிறது. அம்மா கால் வைத்த வேகத்தில் வழுக்க, படகுப் பையன் கையைப் பிடித்துவிட்டான். செருப்பு ஒன்று கடலோடு போயிற்று. மற்றொன்றைச் செம்பூர் வரை கையிலேயே வைத்திருந்தார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இவை எல்லாம் சில்லறை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "டிசம்பர்ல மும்பைக்கு ஏது புயல்?" என்ற நம்பிக்கை. வட இந்தியப் பெருங்கடலில் புயலுக்கு இரண்டு பருவம்: மழைக்கு முன்னால் ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. 2009 நவம்பர் 11 அன்று ஃபியான் புயல் அலிபாக்குக்கும் மும்பைக்கும் நடுவே கரையேறியது. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரியைத் துவைத்த ஒகி, லட்சத்தீவைத் தாண்டி வடக்கே வளைந்து குஜராத்தை நோக்கி வந்தது. டிசம்பர் 5 அன்று மும்பைப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கித் தொழில் செய்கிறவர்கள். கரையிலிருந்து அவர்களுக்குச் செய்தி போகவில்லை, ஒயர்லெஸ் அந்தத் தூரம் எட்டாது. தப்பியவர்களில் பலரின் படகுகள் மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் கரையில் வந்து ஒதுங்கின. ஆள் திரும்பாத வீடுகளின் கதையை நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான், 2019-ல், செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி வந்தது. ஆழ்கடல் தொழிலுக்குப் போகும் சொந்தக்காரர் இருந்தால், படகில் அது இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் போனில் பதிந்து கொடுங்கள்.

கடல் அமைதியாக இருக்கிறதே என்று உயிர்காப்பு உடுப்பை இருக்கைக்கு அடியிலேயே விடுவதும் கூடாது. 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேக்கு அருகே பயணிகள் படகில் கடற்படையின் வேகப்படகு மோதியதற்குக் காற்றும் அலையும் காரணமில்லை.

போன வருஷம் அக்கா பையன் சாயங்காலம் நாலு மணிக்குப் போனை நீட்டினான். காற்றழுத்தம் காட்டும் செயலி. "மாமா, பத்து மணியிலேர்ந்து இறங்கிட்டே இருக்கு, புயல் வருது!" வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் உச்சி, நாலு மணிகளில் பள்ளம். அந்த நேரத்துக்கு வழக்கமாக இருக்கும் அளவைவிட 3 மில்லிபார் குறைந்தால் கவனிக்கணும், 5 குறைந்தால் கிளம்பக் கூடாது என்று பழைய கப்பல்காரர்களின் கணக்கைச் சொன்னேன். நம்பவில்லை. இரவு பத்து மணிக்கு அவனே எழுந்து பார்த்தான். ஏறியிருந்தது. "அப்போ நாளைக்கு மாண்ட்வா?" என்றான். டெல்லியில் மழையா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன்.