ஜன்னல் கோணலா, சுவர் கோணலா? சாவி வாங்கும் முன் ஒரு சோதனை

சென்னை பள்ளிக்கரணையில் நண்பர் வாங்கிய புது பிளாட். பால்கனி ஸ்லைடிங் கதவைச் சாத்தினால் மேலே ஒட்டும், கீழே விரல் நுழையும். கட்டடமே சாய்ந்துவிட்டதோ என்று பதறினார். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு திருகு, சரியாகிவிட்டது. அவர் கண்டுகொள்ளாத படுக்கையறை ஜன்னல்தான் உண்மையில் பழுது.

தேவையானவை: டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், பென்சில், ஒரு குவளை தண்ணீர். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபின் முனை மாற்றித் திருப்பி வையுங்கள்; குமிழி வேறு இடத்தில் நின்றால் மட்டமே தவறு. மொபைல் போட்டோவை நம்ப வேண்டாம், நேர்கோட்டையே வளைத்துக் காட்டும்.

முதலில் ஷட்டர், அதாவது நகரும் கதவு. ஃபிரேமைத் தொட ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி, இடைவெளியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் அகன்றிருந்தால் பெரும்பாலும் ரோலர்தான், ஷட்டரின் அடியில் உள்ள சக்கரம். பல மாடல்களில் ஷட்டரின் ஓரத்தில், கீழே, ஒரு திருகு இருக்கும். அரைச் சுற்றாகத் திருப்புங்கள். சரியானால் அது பழுதல்ல, அட்ஜஸ்ட்மென்ட்.

ஆகவில்லையா? அப்புறம் ஃபிரேமை அளக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. 1800க்கு 2100 மி.மீ. கதவு என்றால் இரண்டும் சுமார் 2766 வரவேண்டும். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசத்தை நான் விட்டுவிடுவேன். ஐந்தைத் தாண்டினால் எழுதி வைப்பேன். உயரத்தை இரு ஓரத்திலும் நடுவிலும் அளந்து பாருங்கள். நடுவில் குறைந்தால் மேலேயிருந்து லின்டலின் (திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டம்) பாரம் ஃபிரேமில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஷட்டர் பாதி வழியில் சிக்குவதும் இதன் அடையாளம்தான். இங்கே ரோலரைத் திருகுவது வெறும் மூடிமறைப்பு.

மூலைவிட்டம் சரியாக இருந்தும் ஃபிரேம் முழுதாகச் சாய்ந்திருக்கலாம். தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். ரெரா எனும் நம் ரியல் எஸ்டேட் சட்டத்தில் இதற்கு மி.மீ. கணக்கு இல்லை. ஜப்பானில் சுவர், தரைக்கென்று 2000-ல் வந்த அரசு அளவுகோல் உண்டு: ஆயிரம் மி.மீ. நீளத்துக்குச் சாய்வு 3 மி.மீ.க்குக் கீழ் என்றால் கட்டமைப்புப் பழுதுக்கு வாய்ப்பு குறைவு, 6-ஐத் தொட்டால் அதிகம். ஜன்னலுக்கானது இல்லை என்றாலும் கைக்கணக்காக உதவும்.

ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா? முனையில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. கோட்டைத் தாண்டி வளர்ந்தால் கூப்பிட வேண்டியது ஜன்னல்காரரை அல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை. சில வீட்டில் பூச்சுதான் கோணல், ஃபிரேம் நேர், கண் ஏமாந்துவிடும்.

கடைசியாக, தண்ணீரை ட்ராக்கில், அதாவது ஷட்டர் ஓடும் பள்ளத்தில், ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளை வழியே வடிய வேண்டும். நண்பரின் படுக்கையறையில் அது உள்பக்கமே தேங்கி வழிந்தது.

ரெரா சட்டம் 2016, பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பு அல்லது வேலைத்தரப் பழுதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். "ஜன்னல் கோணல்" என்று மட்டும் எழுதினால் வந்து ரோலரைத் திருகிவிட்டுப் போவார்கள். நண்பர் எழுதியது: "படுக்கையறை ஜன்னல், உயரம் 1200 மி.மீ., மேல்பகுதி அறைப்பக்கம் 12 மி.மீ. சாய்வு, ட்ராக் தண்ணீர் உள்ளே வருகிறது." ஃபிரேமைக் கழற்றி மறுபடி பொருத்தினார்கள்.