வீட்டில் படிக்கும் பழக்கம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை இரண்டு மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் பெற்றோருக்கு நிம்மதி. என்ன புரிந்தது என்று கேட்பதைவிட எவ்வளவு நேரம் படித்தாய் என்று கேட்பது சுலபம். வீட்டில் நடக்கும் பல தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

நாம் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் பிள்ளைகள் நேரத்தைப் போக்கக் கற்றுக்கொள்வார்கள். அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், பக்கம் முழுக்க வண்ணப் பேனாவால் கோடு போடுவார்கள். கண்ணுக்குப் பழகிப்போன வரிகள் என்பதால் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் அவர்களுக்கும் வந்துவிடும்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை மறுபடியும் வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்ததை, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி வாசித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். நேற்று கடகடவென்று ஒப்பித்த பிள்ளை அடுத்த வாரத் தேர்வில் திணறினால், உடனே அக்கறையில்லை என்று திட்டிவிடாதீர்கள். படித்த முறையிலும் கோளாறு இருக்கலாம்.

எனவே புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "எனக்குத் தெரியாது, நீ சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். நடுவில் தடுமாறினால் பொறுமையாக இருங்கள். யோசித்து யோசித்து எடுக்கும் அந்த நேரத்தில்தான் பாடம் மனத்தில் ஊன்றுகிறது. அதற்குள் நாம் விடையைச் சொன்னால் அந்த வேலையைப் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்கிறோம். அதே பாடத்தை இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி கேளுங்கள். விசாரணைபோல வேண்டாம், நடக்கும்போதோ பாத்திரம் துடைக்கும்போதோ பேச்சுவாக்கில் கேட்டாலே போதும்.

வீட்டுப்பாடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பிழையையும் திருத்துவது பாசத்தால் செய்கிற தவறு. நோட்டு சுத்தமாக இருக்கும். ஆனால் பிள்ளைக்கு எது வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடும். சிறு வயதில் கூட இருக்கத்தான் வேண்டும்; ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகவும் வேண்டும்.

"படித்தால் இது வாங்கித் தருகிறேன்" என்ற பேரத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். பிறகு அவர்களாகவே வரைய உட்கார்ந்த நேரம் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைந்துபோனது. ஆசையோடு படிக்கும் பாடத்துக்குப் பரிசை முடிச்சுப் போடாதீர்கள். "நீ புத்திசாலி" என்ற பாராட்டைவிட "இந்தக் கணக்கை விடாமல் போட்டு முடித்தாயே" என்பது நல்லது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது மட்டும் எந்த வயதிலும் வேண்டாம்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைப்பதும் நட்டம்தான். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016 பரிந்துரை. படிக்கும் நேரத்தை மாலையிலேயே, நாள்தோறும் ஒரே வேளையில் வைத்துக்கொண்டால் இரவில் அல்லாட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பிள்ளையின் போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்கள் போனும்தான்.

காய்ச்சல், விருந்தினர், சோர்வு என்று ஏதாவது ஒரு நாள் படிப்பு விட்டுப்போகும். மறுநாள் இரண்டு நாள் படிப்பையும் சேர்த்துச் சுமத்தாதீர்கள். வழக்கமான வேளையில், வழக்கமான அளவோடு உட்காரச் சொல்லுங்கள்.