கொல்லைப்புறத் தளமும் வெந்நீர்த் தொட்டியும்: செலவைத் திட்டமிட்டுப் பணம் செலுத்தும் முறை

வீட்டின் பின்புறத்தில் உட்கார்ந்து பேச ஒரு தளமும், அதன் ஓரத்தில் ஹாட் டப் எனப்படும் வெந்நீர்த் தொட்டியும் அமைக்க விரும்புகிறவர்களில் பலர் முதலில் தொட்டியின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அந்த விலையோடு தளத்துக்கென்று குத்துமதிப்பாக ஒரு தொகையைக் கூட்டி, அதுவே மொத்தச் செலவு என்று கருதிவிடுவதால், மண் தோண்டிய பிறகு கையிருப்பு போதாமல் வேலை பாதியில் நின்றுபோகிறது. இவ்விளக்கத்தில் கணக்கை எதிர்முனையிலிருந்து தொடங்குவோம். பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை கடைசியில் வரட்டும்.

படி 1: மாதச் செலவைத் தாங்க முடியுமா என்று பாருங்கள்

தளம் ஒருமுறை போட்டால் முடிந்தது. தொட்டியோ மாதந்தோறும் பணம் கேட்கும். ஆகையால் வாங்கும் விலையைப் பார்ப்பதற்கு முன்பே அதை வைத்திருக்கும் செலவைக் கணக்கிட வேண்டும்.

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 1.16 வாட்-மணி மின்சாரம் தேவை. ஐந்து பேர் அமரக்கூடிய தொட்டி 1,400 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் உள்ள நீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 29 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி) ஆகும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு இது பத்து மணி நேர வேலை. நீரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் செலவு திரும்ப வரும். வழக்கமான பயன்பாட்டில் மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரியது, சூட்டைத் தக்கவைக்கும் அன்றாடச் செலவு. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் காத்திருப்பு நிலை மின்நுகர்வு எத்தனை வாட் என்று பாருங்கள். அது 200 வாட் என்றிருந்தால் நாளொன்றுக்கு 4.8 யூனிட், மாதத்துக்கு 144 யூனிட் ஆகும். நீங்கள் தொட்டியில் இறங்காத நாட்களிலும் இது ஓடிக்கொண்டிருக்கும். இதை உங்கள் மின்கட்டண அட்டையின் உச்ச அடுக்கு விலையால் பெருக்குங்கள், ஏனெனில் இந்த யூனிட்டுகள் நீங்கள் ஏற்கெனவே செலவிடுவதன் மேல் வந்து சேர்பவை. வெளியில் குளிர் கூடக்கூட இந்த எண்ணும் கூடும். தொட்டியின் மூடி தடிப்பாகவும் இடைவெளியின்றியும் பொருந்தினால் குறையும். விலையைக் குறைப்பதற்காக மூடியின் தரத்தில் கைவைப்பது என் பார்வையில் மிக மோசமான சிக்கனம்.

இவற்றோடு குளோரின் அல்லது புரோமின், நீரின் பிஎச் அளவை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்திருக்க உதவும் மருந்துகள், வடிகட்டி ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடியும் என்றும் நிலைப்பதல்ல. ஈரம் ஏறிக் கனத்துப்போனால் மாற்றத்தான் வேண்டும். ஒரு மூடி ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டு, புது மூடியின் விலையை 60 மாதங்களால் வகுத்து அந்தத் தொகையையும் மாதச் செலவில் எழுதிவிடுவது நல்லது. மொத்தத்தைப் பார்த்த பிறகு மனம் தயங்குமானால், காற்றடைத்துப் பயன்படுத்தும் மலிவான தொட்டியில் ஒரு பருவம் பழகிப் பார்க்கலாம். அல்லது தளத்தை மட்டும் போட்டுவிட்டுத் தொட்டியைத் தள்ளிவைக்கலாம்.

படி 2: எடையைக் கணக்கிட்டு அளவை முடிவு செய்யுங்கள்

அதே தொட்டியின் வெற்று எடை 350 கிலோ என்று கொள்வோம். அதில் 1,400 லிட்டர் நீர் 1,400 கிலோ. ஐந்து பேரின் எடை ஏறத்தாழ 375 கிலோ. ஆக 2,100 கிலோவுக்கு மேல். இது 2.1 மீட்டருக்கு 2.1 மீட்டர் பரப்பில் இறங்கும்போது ஒவ்வொரு சதுர மீட்டரும் 480 கிலோ அளவில் சுமக்கிறது. வீட்டு அறைகளின் தரை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலான பயன்பாட்டுச் சுமைக்கே (ஆட்கள், பொருட்களின் எடைக்கே) வடிவமைக்கப்படுகிறது என்பதை நினைவில் வைத்தால், பழைய மரத்தளத்தின் மீதோ மாடி முகப்பிலோ தொட்டியை வைத்துச் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

தரையில் போடும் கான்கிரீட் தளத்துக்கு 10 சென்டிமீட்டர் தடிமன் வழக்கமானது. தொட்டி அமரும் பகுதியில் மட்டும் கம்பி கட்டி 15 சென்டிமீட்டராக உயர்த்திக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட தளத்துக்கு 2 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். தொட்டிக்கென 2.4 மீட்டர் சதுரத்தைத் தடித்துப் போட இன்னும் 0.3 கன மீட்டர் ஆகும். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் இரண்டரை கன மீட்டர். இந்த எண்ணை நீங்களே போட்டு வைத்திருந்தால், ஒப்பந்ததாரர் தரும் மதிப்பீட்டில் பொருளின் அளவு மிகையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை உடனே கண்டுகொள்ளலாம்.

படி 3: விலைப்பட்டியலில் வராதவற்றை எழுதுங்கள்

சிமென்டும் கல்லும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். செலவை இழுத்துவிடுபவை வேறு.

முதலாவது மண். ஜல்லிப் படுகைக்கும் கான்கிரீட்டுக்குமாக 20 முதல் 25 சென்டிமீட்டர் தோண்டினால், மேற்சொன்ன பரப்பிலிருந்து நான்கைந்து கன மீட்டர் மண் வெளியே வரும். தோண்டியதும் அது பொலபொலவென்று விரிந்து இன்னும் அதிக இடத்தை அடைக்கும். அதை அள்ளிச் செல்லும் கூலி யார் பொறுப்பு என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஜல்லியைப் பரப்பி நன்றாக அழுத்திக் கெட்டிப்படுத்தும் வேலையில் குறை வைத்தால் தளம் ஒரு பக்கம் இறங்கிவிடும் என்பதால் இந்தத் தலைப்பில் பணத்தைக் குறைக்காதீர்கள்.

அடுத்தது நீர்வாட்டம். மழைநீர் வீட்டுச் சுவரை நோக்கி வராமலிருக்க, தளம் வெளிப்புறமாகச் சரிய வேண்டும். 80-க்கு 1 என்ற வாட்டத்தில் 4 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம் கிடைக்கும். ஆனால் தொட்டி அமரும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். மட்டமும் வாட்டமும் ஒரே தளத்தில் கூடும்போது கொத்தனாரின் வேலை நேரம் கூடும், கூலியும் கூடும். தொட்டியிலிருந்து வடியும் நீர் எங்கே போகும் என்பதையும் இதே கட்டத்தில் முடிவு செய்யுங்கள். மருந்து கலந்த நீரை எங்கு விடலாம் என்பதற்குப் பல ஊர்களில் விதிகள் உண்டு.

மின்சாரம்தான் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும் தலைப்பு. சிறிய தொட்டிகள் சில, சாதாரண சாக்கெட்டில் இயங்கும். ஆனால் அவற்றின் ஹீட்டர் மெதுவானது. பெரிய தொட்டிகளுக்கு, 230 வோல்ட் மின்சாரம் உள்ள இடங்களில், பெரும்பாலும் 32 ஆம்பியர் அளவிலான தனி மின்தடம் வேண்டும். அதற்கு மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியும் கட்டாயம். மெயின் போர்டிலிருந்து தொட்டி எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குக் கேபிளின் விலை ஏறும். தொட்டியின் இடத்தைச் சில மீட்டர் நகர்த்தினாலே இதில் கணிசமாக மிச்சப்படுத்தலாம். இருக்கும் மின் இணைப்பே இந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்து, அவருடைய மதிப்பீட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதமுள்ளவை சிறியவை: கட்டட அனுமதிக் கட்டணம், பூட்டக்கூடிய மூடி அல்லது வேலி, படிக்கட்டு, வீட்டுக் காப்பீட்டில் மாற்றம். தொட்டியைக் கொண்டுவரும் வழியை மட்டும் மறக்க வேண்டாம். சந்து குறுகலாக இருந்து, வாசலைக் கடந்து அதைத் திருப்ப முடியாவிட்டால் கிரேன் வைத்து வீட்டின் மேலாகத் தூக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நாள் வாடகை, தனித்தலைப்பாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது.

படி 4: மூன்று மதிப்பீடுகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடுங்கள்

மூன்று பேரிடம் விலை கேட்பது மட்டும் போதாது. மூவரிடமும் ஒரே வேலையைக் கேட்டிருக்க வேண்டும். பரப்பு, தடிமன், கம்பி, ஜல்லிப் படுகை, மண் அகற்றல், வாட்டம், வேலை முடியும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூவருக்கும் அதையே கொடுங்கள். பொருள், கூலி, வரி மூன்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால், எந்த வரியை அவர் விட்டிருக்கிறார் என்று தேடுங்கள். பெரும்பாலும் மண் அகற்றலோ கம்பியோதான் காணாமல் போயிருக்கும்.

படி 5: ஒதுக்குத் தொகையும் கட்டம் பிரித்தலும்

கிடைத்த மொத்தத்தின் மேல் 15 சதவீதத்தை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குங்கள். மண்ணுக்கடியில் பாறையோ பழைய குழாயோ இருக்கிறதா என்பது தோண்டும் வரை எவருக்கும் தெரியாது. இந்தத் தொகையை விளக்குக்கும் நாற்காலிக்கும் முன்கூட்டியே மனத்தில் செலவழித்துவிடக் கூடாது.

கூட்டுத்தொகை எட்டாத உயரத்தில் இருந்தால் வேலையைக் கட்டங்களாகப் பிரிக்கலாம். முதற்கட்டத்தில் தளத்தைப் போடும்போதே தொட்டிக்கான பகுதியைத் தடித்துப் போட்டு, கேபிளுக்கும் வடிகாலுக்கும் வெற்றுக் குழாய்களை அடியில் பதித்துவிடுங்கள். அந்தக் குழாய்களின் விலை மொத்தச் செலவில் ஒரு சிறு துளி. பிறகு அதே வேலைக்காகக் கான்கிரீட்டை உடைத்தால் ஆகும் செலவோ பல மடங்கு. தொட்டியை அடுத்த ஆண்டு சேமிப்பிலிருந்து வாங்கலாம். என்னைக் கேட்டால், கடன் இல்லாமல் முடிக்க வழி இருக்கும்போது இதைவிடச் சிறந்த திட்டம் இல்லை.

படி 6: கடன் வாங்குவதானால் வட்டியைப் பிரித்துப் பாருங்கள்

அவசரத் தேவைக்கென வைத்திருக்கும் சேமிப்பை இதற்குத் தொடக் கூடாது. அதற்கு மேல் உள்ள சேமிப்பு போதாதபோதுதான் கடன். எந்த நாணயமாக இருந்தாலும் 1,00,000 கடன் என்று வைத்துக் கணக்கிடுவோம்.

ஆண்டுக்கு 12 சதவீதம், குறைந்துவரும் நிலுவையின் மீது வட்டி, 36 மாதத் தவணை என்றால் மாதம் 3,321 செலுத்த வேண்டும். மொத்த வட்டி ஏறத்தாழ 19,570. அதே கடனை 60 மாதங்களுக்கு நீட்டினால் தவணை 2,224 ஆகக் குறைந்து மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் வட்டி 33,470 ஆகிவிடும். மூன்றாவதாக, ஃப்ளாட் ரேட் என்ற முறையில் அதே 12 சதவீதத்தைச் சொல்பவர்கள் உண்டு. இதில் நீங்கள் திருப்பிச் செலுத்திய அசலுக்கும் சேர்த்து இறுதிவரை வட்டி கணக்கிடப்படுவதால், மூன்று ஆண்டுகளில் வட்டி 36,000 ஆகும். உண்மையான ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். எனவே வட்டி விகிதத்தை மட்டும் கேட்டு நிறுத்தாமல், மொத்தம் எவ்வளவு திருப்பிச் செலுத்துகிறேன் என்றும், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்றும் கேளுங்கள்.

வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கடனில் வட்டி குறைவுதான். ஆனால் தவணை தவறினால் ஆபத்து வீட்டுக்கு. விற்பனையாளர்கள் தரும் வட்டியில்லாத் தவணையில் இரண்டு கேள்விகள் போதும்: முழுத்தொகையும் ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா? குறித்த தேதிக்குள் முடிக்காவிட்டால் தொடக்க நாளிலிருந்து வட்டி போடப்படுமா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் அந்தத் தள்ளுபடிதான் நீங்கள் கட்டப்போகும் மறைமுக வட்டி. கிரெடிட் கார்டு நிலுவையில் இச்செலவை ஓடவிடுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

படி 7: வேலையின் நடையோடு பணத்தைக் கொடுங்கள்

முன்பணம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும். அதன்பின் பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, தோண்டிப் படுகை அமைத்து வாட்டம் பார்த்ததும் ஒரு பகுதி, கான்கிரீட் ஊற்றியதும் ஒரு பகுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாட்களைக் குறிப்பிட்டுத் தவணை எழுதினால் வேலை நடக்காமலே பணம் போய்விடும். முடிந்த வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ரசீது இல்லாமல் எதையும் கையில் கொடுக்காதீர்கள்.

கான்கிரீட் தன் முழு வடிவமைப்பு வலிமையை அடைவதை 28 நாட்களில்தான் கணக்கிடுவார்கள். தொட்டி வந்து சேரும் தேதியை அதற்குப் பின் வைத்தால், தளம் நீராற்றப்பட்டு இறுகும். தொட்டிக்கான பெரிய தொகையைப் புரட்டவும் உங்களுக்கு ஒரு மாதம் கிடைக்கும். தளத்துக்கான கடைசிப் பத்து சதவீதத்தை, ஒரு வாளி நீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள். தொட்டியின் இறுதித் தவணையை, நீர் நிரப்பி 38 டிகிரிக்குச் சூடாகி, பம்புகள் ஓடி, ஒழுக்கு இல்லை என்பது உறுதியாகி, மின்பணியாளர் கசிவுப் பாதுகாப்புக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டிய பிறகு தருவதாக வாங்கும்போதே பேசிவிடுங்கள். உத்தரவாத அட்டையில் தொட்டியின் உடல், ஹீட்டர், பம்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் இருக்கும். அந்தத் தேதிகளை மின்பணிச் சான்றிதழுடனும் ரசீதுகளுடனும் சேர்த்து அன்றே குறித்து வையுங்கள்.