பழைய ஹாசல்பிளாட் வாங்கப் போகிறீர்களா? முதலில் மேகசினைக் கழற்றுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய ஸ்டுடியோவை மூடும்போது சில சமயம் அலமாரியிலிருந்து ஒரு ஹாசல்பிளாட் பிலிம் கேமரா வெளியே வரும். கல்யாண ஆர்டருக்காக வாங்கியது, டிஜிட்டல் வந்ததும் துணியில் சுற்றி வைத்தது. வாங்க நினைப்பவர்கள் என்னிடம் விலையைத்தான் கேட்கிறார்கள். கம்பெனியின் கதையைக் கேளுங்கள் என்பேன். எந்த வருடம் எதை மாற்றினார்கள் என்று தெரிந்தால், கேமராவில் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரம். 1940இல் ஜெர்மன் விமானக் கேமரா ஒன்று சுவீடன் விமானப்படையின் கைக்கு வந்தது. இதேபோல் செய்ய முடியுமா என்று விக்டர் ஹாசல்பிளாடைக் கேட்டார்கள். இதைவிட நல்லதாகவே செய்வேன் என்றாராம். சின்னப் பட்டறையில் வேலை தொடங்கியது. போர் முடிந்து, 1948இல் பொதுமக்களுக்கான முதல் கேமரா 1600எஃப் நியூயார்க்கில் வெளியானது. படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர், பாடிக்குள்ளேயே மெல்லிய உலோகத் தகடாக இருந்தது. அது அடிக்கடி மக்கர் செய்தது. அதனால் 1600எஃப் கிடைத்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், படம் எடுக்க வாங்காதீர்கள்.

1957இல் வந்த 500சி தான் திருப்புமுனை. ஷட்டர் லென்ஸுக்குள் போனது, 1/500 நொடி வரை எல்லா வேகத்திலும் பிளாஷ் ஒத்துழைத்தது. உச்சி வெயிலில் மண்டபத்து வாசலில் படம் எடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சரி, கையில் எடுங்கள். மேகசினை, அதாவது பின்னால் மாட்டும் பிலிம் பெட்டியைக் கழற்றினால் பாடியின் பின்புறம் கீழே எண் இருக்கும். முதல் இரண்டு எழுத்துகள்தான் தயாரிப்பு வருடம். வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், இ, எஸ் (VHPICTURES) என்ற வரிசையில் வி 1, எச் 2 என்று போய் இ 9, எஸ் 0. டிஆர் (TR) என்றிருந்தால் 1968.

அப்படியே கழற்றிய நிலையில் பக்கத்துக் குமிழைச் சுற்றி வைண்ட் செய்து, லென்ஸில் ஒரு நொடி வேகம் வைத்து, பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பின்னாலுள்ள இரண்டு கதவுகளும் முழுதாகத் திறக்க வேண்டும். ஷட்டர் தடங்காமல் ஓடி முடியும் வரை விரலை எடுக்காதீர்கள், எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும். பிறகு வியூபைண்டர் இருட்டாக இருக்கும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம், மறுபடி வைண்ட் செய்தால்தான் இதில் வியூபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடும் கண்ணாடி கீழே இறங்கும்.

லென்ஸைக் கழற்றும் முன் வைண்ட் செய்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாடி ஒரு நிலையிலும் லென்ஸ் வேறு நிலையிலும் மாட்டிக்கொண்டால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். பலம் காட்டினால் உள்ளே உடையும்.

அடுத்து பூஞ்சை. கணவாய் வழியாக மழைக்காற்று வீசும் ஊரில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கண்ணாடிப் பூச்சு அரிக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய பின் தோல் பையில் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கடைசியாக மேகசின். அப்போலோ வீரர்கள் பாரம் குறைக்கக் கேமராக்களை நிலவிலேயே விட்டுவிட்டு, படம் பதிந்த மேகசின்களை மட்டும் கொண்டுவந்தார்கள். தனியாகக் கழன்று வரும் இந்தப் பெட்டிதான் ஹாசல்பிளாடின் பெரிய பலம், பழசானால் வெளிச்சம் கசியும் இடமும் இதுவே. உள்கூட்டில் உள்ள எண், வெளிப்பெட்டி எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தோடு பொருந்த வேண்டும். முடிந்தால் முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ஒரு 120 ரோல் போட்டுக் கழுவிப் பாருங்கள். பன்னிரண்டு படங்களுக்கும் இடைவெளி சீராக இருந்து, ஓரத்தில் வெளிச்சக் கீற்று விழாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கீற்று மட்டும் விழுந்தால் டார்க் ஸ்லைடு (பிலிமை வெளிச்சம் படாமல் மறைக்கும் தகடு) சீலை மாற்றினால் சரியாகிவிடும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.