கானா பாடகரிடம் பணத்தைப் பற்றிக் கேட்பது எப்படி?

பாட்காஸ்டுக்கு நேரம் குறிக்கும்போதே பாதிப் பேர் சறுக்குகிறார்கள். சாவு வீட்டில் இரவெல்லாம் மரண கானா பாடிவிட்டு விடியற்காலையில் படுக்கப் போகும் மனிதரைக் காலை பத்து மணிக்கு மைக் முன்னால் உட்கார வைத்தால் கொட்டாவிதான் பதிவாகும். மாலை நான்கு மணிக்கு, அவர் வீட்டுக்கே போங்கள். கண்ணாடித் தடுப்புப் போட்ட ஸ்டூடியோவில் வாயே திறக்காதவர்கள், வடசென்னை வியாசர்பாடியில் தங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

வீடு என்றால் சத்தம் உண்டு. குக்கர் விசிலையும் தெருவில் போகும் ஆட்டோவையும் நான் பொருட்படுத்துவதில்லை. அவை அந்த இடத்தின் குரல். ஃபேனும் ஃபிரிட்ஜும் அப்படியல்ல. பின்னால் அந்த இரைச்சலை நீக்கப் போனால் குரலும் தகரமாகிவிடும். இரண்டையும் அணைத்துவிட்டு, என் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். அப்போதுதான் கிளம்பும்போது அதை மறுபடி போட்டுவிட்டு வர மறக்க மாட்டேன். ஒருமுறை மறந்து வந்ததில் ஒரு வீட்டின் இட்லி மாவு முழுவதும் புளித்துப் பொங்கிவிட்டது. அந்த அக்கா இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

ஆளுக்கு ஒரு டைனமிக் மைக் (சுற்றுச் சத்தத்தை அதிகம் இழுக்காத வகை), வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி. இரண்டு குரலும் தனித்தனி டிராக்கில். மைக் ஸ்டாண்டை மேசைமேல் வைக்காதீர்கள். பேச்சின் நடுவே அவர் மேசையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு தட்டும் இடியாக இறங்கும். பதிவுக் கருவியின் மீட்டரில் பேச்சின் அளவு மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்தால், குரல் உச்சத்துக்குப் போகும்போது பிசிறாது.

இனி கேள்வி. “உங்கள் இசைப் பயணம்” என்று ஆரம்பித்தால் ஏற்கெனவே பத்து பேட்டிகளில் சொன்னதையே ஒப்பிப்பார். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். “அண்ணே, இந்தப் பாட்டை எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் நீங்கள்தானா? எங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டீர்கள்? அன்றைக்குக் கையில் எவ்வளவு வந்தது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வாய் துடிக்கும். அடக்குங்கள்.

அப்படி நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒருவர் எழுந்து போய் பீரோவிலிருந்து ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே, பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்த ஒப்பந்தம், மடிப்பில் கிழிந்தது. வரிவரியாக அவரையே வாசிக்கச் சொன்னேன். எத்தனை ஆண்டுக்கு என்றும் இல்லை, எந்தெந்த நாட்டுக்கு என்றும் இல்லை. அதனால்தான் போகுமுன் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் காலம் குறிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்த உரிமை 5 ஆண்டுகளுக்குத்தான்; எல்லை குறிக்கவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 2012 திருத்தத்துக்குப் பின், பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தச் சங்கம் ஐ.பி.ஆர்.எஸ், 1969இலிருந்து இருக்கிறது. அவர் அதன் பெயரையே அன்றுதான் கேட்டார். இதையெல்லாம் சொல்லலாம், ஆனால் வக்கீல் வேடம் கட்டாதீர்கள். காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பாட்டுக் கேட்கும் செயலிகளின் கணக்கையும் கேளுங்கள். 12 மாதத்தில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. இது தெரியாமல் மாதாமாதம் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நிகழ்ச்சியில் ஆல்பப் பதிவை அப்படியே ஒலிக்கவிடாதீர்கள். பதிவின் உரிமை பெரும்பாலும் அதை வெளியிட்ட ஆடியோ கம்பெனியிடம் இருக்கும். யாருக்கும் எழுதிக் கொடுக்காத பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கானாக்காரரிடம் அப்படிப் பாட்டுகளுக்குப் பஞ்சமே இருக்காது.

வெளியிடுமுன் பணம் பற்றிய பகுதியை அவருக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பீரோக்காரருக்கு அனுப்பினேன். தொகையை நீக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தது. “காசு விஷயம் இருக்கட்டும் தம்பி. நடுவில் ஒரு இடத்தில் சுருதி விலகியிருக்கிறது, அதை மட்டும் வெட்டிவிடு.”