சங்ககாலக் கொங்குத் தொடருக்குப் பின்னணி இசை: அறச்சலூரிலிருந்து தொடங்குங்கள்

சங்ககாலத் தொழிலூரான கொடுமணலில், பட்டறையில் மணிக்குப் பட்டை தீட்டும் காட்சிக்கு “பழைய காலத்து ஃபீல்” வேண்டும் என்பார் இயக்குநர். உடனே கீபோர்டில் வீணையைத் தேடாதீர்கள். இன்று நாம் கேட்கும், மெட்டு (கம்பியை அழுத்திச் சுரம் எழுப்பும் குறுக்குக் கட்டை) வைத்த தஞ்சாவூர் வீணை 17ஆம் நூற்றாண்டில் உருவானது. வயலின் அதற்கும் பின்னால் வந்தது.

கொங்கு மண்ணிலேயே நல்ல விதை இருக்கிறது. ஈரோடு மாவட்டம் அறச்சலூர் நாகமலைக் குகையில் தமிழ்ப் பிராமியில் வெட்டிய இசைக் கல்வெட்டு அது. எழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன், அதாவது மணியின் தரம் பார்ப்பவன். கட்டம் இது:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், தலைகீழ் என்று எப்படிப் படித்தாலும் மாறாது. ஆடலுக்கா இசைக்கா என்பதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. நம் வேலைக்கு இரண்டும் சரிதான். ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று கல் சொல்லவில்லை. ஓர் எழுத்துக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

‘த’ நான்கு மூலைகளில் மட்டும் வருகிறது; அங்கே கனத்த முழவு அடி. ‘தே’யும் நான்கே, நடு எழுத்தைச் சுற்றி, அதற்குச் சிறு தாளம். ஒன்பது ‘தை’க்குத் தப்பட்டை, எட்டு ‘தா’வுக்கு உடுக்கை. எல்லாவற்றையும் ஒரே முரசில் அடித்தால் கட்டத்தின் அழகு காதில் விழாது.

தொடர் விநாடிக்கு 25 ஃபிரேமில் ஓடினால் டெம்போவை 100 (நிமிடத்துக்கு 100 அடி) வையுங்கள். ஓர் அடிக்கு 15 ஃபிரேம், ஒரு வரி 3 விநாடி, முழுக் கட்டம் 15 விநாடி. நிதானமான காட்சிக்கு 75: அடிக்கு 20 ஃபிரேம், முழுதும் 20 விநாடி. 90 வைத்தால் அடிக்கு 16.67 ஃபிரேம் வரும். ஷாட் மாறும் இடமும் அடியும் நழுவிக்கொண்டே போகும். டெம்போ 100இல் எடிட்டர் கடைசி நேரத்தில் 3 விநாடி வெட்டினால் நடு வரியை எடுங்கள். 6 விநாடி என்றால் இரண்டாவதையும் நான்காவதையும் எடுங்கள். மிச்சம் இருப்பது அப்போதும் தலைகீழாக அதேதான்.

இனி யாழ். மெட்டு கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஆகவே சுரத்தை வளைக்கும் வீணைக் கமகம் போடாதீர்கள். கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் வீலைத் தொட்டாலே யாழ் காணாமல் போகும். நைலான் நரம்பு ஹார்ப் சாம்பிள் ஓரளவு ஒத்துவரும், உலோகக் கம்பி ஒலி வேண்டாம். நரம்புகளை அரிகாம்போதிக்கு, அதாவது பழந்தமிழ்ப் பெயரில் செம்பாலைக்குச் சேர்த்துக்கொண்டால் மறுபடி சுருதி கூட்ட வேண்டியதில்லை. அதே நரம்புகளில் ‘ம’ சுரத்தை ஆதாரமாக்கினால் அரும்பாலை, நம் சங்கராபரணம், கருவூர்க் கடைத்தெருவுக்குப் பொருந்தும். ‘த’ சுரத்தை (கல்வெட்டின் ‘த’ அல்ல, தைவதம்) ஆதாரமாக்கினால் விளரிப்பாலை, அதாவது தோடி, விளரி பழைய இரங்கற்பண், போர்க்களச் சாவுக்கு வைக்கலாம். இங்கே பலரும் சறுக்குவது ட்ரோனில், அதாவது பின்னால் தொடர்ந்து ஒலிக்கும் ஆதார சுருதியில். ஆதாரத்தை மாற்றிவிட்டு ட்ரோனைப் பழைய ‘ச’விலேயே விட்டால், காது அரிகாம்போதியைத்தான் கேட்கும், தோடி பிறக்காது.

தப்பட்டையை நிஜமாகவே பதிவு செய்யுங்கள், சாம்பிள் போதாது. வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சிய சூட்டோடு வாசிக்க வேண்டும். ஆறினால் தொய்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டிய அறையில் இன்னும் சீக்கிரம் இறங்கும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு ஓர் அடி அடித்து முந்தைய டேக்கோடு ஒப்பிடுங்கள். மைக் ஒரு மீட்டர் தள்ளி, தோலின் நடுவுக்கு நேராக இல்லாமல் சற்றே சாய்வாக இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினைக் குறையுங்கள். கண்டென்சர் மைக்கில் உள்ளே வரும் ஒலியளவைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போடாவிட்டால் அடிக்குச்சியின் முதல் வீச்சிலேயே ஒலி உடைந்துவிடும், பின்னால் சரிசெய்ய முடியாது. மெல்லிய சிண்டுக்குச்சியின் ‘கிர்’ ஒலிக்கு விளிம்போரம் இன்னொரு மைக் வைத்தால் நல்லது.

சோமனூர், சென்னிமலைப் பக்கம் வெளியில் பதிவு செய்தால் விசைத்தறிச் சத்தம் எல்லா டேக்கிலும் ஏறும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பேட்டரி ரெக்கார்டர் இருந்தால் அன்று ஊரே ஸ்டுடியோ.

யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) வரும்போது துடுக் என்ற குழல் அழத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது ஆர்மீனியக் கருவி. ரோமானியருக்கு இரட்டைக் குழலும் கித்தாரா என்ற நரம்புக் கருவியும் போதும், அதுவும் அடக்கமாக.

கலவையில் வசனம்தான் முதலாளி. பேச்சின் தெளிவு 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இருப்பதால் அங்கே குழலை 3 டெசிபல் இறக்குங்கள், யாழைக் கீழ் ஸ்தாயியில் வாசிக்கச் சொல்லுங்கள். சேனல் ஆர் 128 (ஒளிபரப்பு ஒலியளவு விதி) கேட்டால் முழு எபிசோடும் சராசரியாக மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் ஒலியளவின் அலகு) அளவில் நிற்க வேண்டும். தப்பட்டையை மட்டும் தனி ஸ்டெம்மாக, அதாவது தனி ஒலிக்கோப்பாகக் கொடுங்கள். வசனம் கேட்கவில்லை என்று முதலில் புகார் வருவது அதன்மேல்தான்.