தடுப்புச் சுவர் எழுப்பாமல் வெள்ளச் சேதத்தைக் குறைப்பது எப்படி?

முதல் வேலை, பழைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று கண்டுபிடிப்பது. சுவரில் மங்கிய சேற்றுக் கறை, அடியில் உப்பிப்போன கதவு நிலை, மூத்தவர்கள் கை நீட்டிக் காட்டும் இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டு, ஆண்டை எழுதிவிடுங்கள்.

அந்த உயரத்தை மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோகக் கொத்தனாரின் மட்டக் குழாய் போதும். 10 அல்லது 15 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் டியூப்பில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையின் நீர்மட்டத்தைக் கோட்டோடு பொருத்தினால், மறுமுனையில் தண்ணீர் நிற்பதும் அதே உயரம்தான். உள்ளே ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் அளவு பிசகும். அதனால் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடும் வெள்ளத்தின் மேற்பரப்பு ஆற்றுச் சரிவோடு இறங்கும். ஆகவே ஒரே கோட்டை ஊர் முழுக்க இழுக்காமல் தெருவுக்கு ஒரு கறையாவது தேடுங்கள். ஒவ்வொரு வாசற்படியும் கோட்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று எழுதிவைத்தால், எந்த வீட்டை முதலில் காலி செய்வது என்ற வாக்குவாதமே வராது.

அடுத்தது அளவுக் கம்பம். பாலத் தூணிலேயே 10 செ.மீ. இடைவெளியில் கோடுகள் வரையலாம். ஊருக்குள் ஒன்றை நட்டுவிட்டுத் திருப்தியடைவதுதான் வழக்கமான தவறு; அதில் மட்டம் ஏறும்போது தண்ணீர் வாசலில் நிற்கும். ஆற்றின் மேற்பகுதியில் இன்னொன்று வேண்டும். சாதாரண மழைக்கால ஏற்றங்களிலேயே இரண்டிலும் உச்சம் தொட்ட நேரத்தைக் குறியுங்கள். மேலே காலை 6 மணி, கீழே 10 மணி என்றால் இடைவெளி 4 மணி நேரம். பெருவெள்ளம் இதைவிட வேகமாக வரலாம், செய்தி பரவவும் நேரம் பிடிக்கும். அதனால் 2 மணி நேரம்தான் கையில் இருப்பதாக வைத்துத் திட்டமிடுங்கள். திடீரென்று பொங்கும் சிறு ஓடைகளுக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே மழைமானிதான் காவல். அது 100 மி.மீ. மழை காட்டினால், ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்தது 10 கோடி லிட்டர் தண்ணீர்.

கம்பத்தில் மூன்று நிறம் போதும். மஞ்சளில் பத்திரங்கள், மருந்து, விதை, பூச்சிமருந்து எல்லாம் பரணுக்கு ஏறும். காஸ் சிலிண்டர் மிதக்கும் என்பதால் அதைக் கட்டிவைக்க வேண்டும். ஆரஞ்சில் முதியோரும் கால்நடைகளும் மேட்டுக்கு. சிவப்பில் எல்லோரும் வெளியேற வேண்டும். ஈரம் எட்டும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.

தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பு: ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். செல்போன் கோபுரம் செயலிழக்கலாம், மணியோ கைஒலிபெருக்கியோ இருக்கட்டும். ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று கத்துவதால் யாரும் நகரமாட்டார்கள். ‘சிவப்பைத் தொட்டுவிட்டது, கீழத்தெரு இப்போதே பள்ளிக்கூடத்துக்கு, பாலத்து வழி வேண்டாம்’ என்றால் நகர்வார்கள். ஒத்திகையை ஒருமுறையாவது இரவில் நடத்துங்கள். 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும்.

வடிகால் தூர்வாருவதை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே விழும், அன்றே அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீர் வடிந்ததும் எதையும் துடைப்பதற்கு முன் கறையோடு படம் எடுங்கள், இழப்பீட்டுக்கு அதுதான் சாட்சி. 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், நனைந்த மெத்தைகளை உடனே வெளியேற்றுங்கள். நிலத்தடி அறையில் நிற்கும் நீரை மட்டும் அவசரப்பட்டு இறைக்காதீர்கள்: வெளியே ஊறிக்கிடக்கும் மண் அழுத்தி, சுவர் உள்நோக்கிச் சரியும். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்தால் போதும்.